கியோட்டோ ரியோசென் மியூசியம்: சாமுராய் காலம் முடிஞ்ச கதைய நேர்ல போய் பாக்கறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

கியோட்டோ போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் கியோமிசு கோயிலுக்கு ஏறி, நினென்சாக்கா தெருவுல மாட்சா ஐஸ்கிரீம் சாப்ட்டுட்டு, நாலு ஃபோட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. அதே நினென்சாக்கால இருந்து மலைப்பக்கமா ஒரு ஏத்தம் பிரியுது, அதுல அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்க நடந்தா ரியோசென் வரலாற்று மியூசியம். 1853ல அமெரிக்க கப்பல் வந்ததுல இருந்து சாமுராய்ங்கற வர்க்கமே இல்லாம போற வரைக்கும் நடந்தத மட்டுமே சொல்றதுக்குன்னு 1970ல தொறந்த இடம். முதல் டைரக்டரா இருந்தவர் மட்சுஷிதா கோனோசுகே, இன்னைக்கு நாம பானாசோனிக்னு சொல்ற கம்பெனிய ஆரம்பிச்சவர்.

நான் ரெண்டு தடவ போயிருக்கேன். முதல் தடவ எதுவும் படிக்காம போனேன், நாப்பது நிமிஷத்துல வெளிய வந்துட்டேன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வாளு, பழைய லெட்டரு, கோட்டு சூட்டு போட்ட ஆளுங்க ஃபோட்டோ, அவ்வளவு தான் மனசுல நின்னுச்சு. ரெண்டாவது தடவ படிச்சுட்டு போனேன், ரெண்டரை மணி நேரம் போனதே தெரியல. இடம் அதே தான், நான் கொண்டு போன கேள்வி தான் வேற. அந்தக் கேள்விய உங்க கையில குடுக்கத்தான் இத எழுதறேன்: சாமுராய்கள ஒழிச்சது யாரு?

அமெரிக்காக்காரன்னு நிறைய பேர் சொல்வாங்க. பீரங்கின்னும் சொல்வாங்க. மியூசியத்துல நிதானமா ஒவ்வொரு பெட்டியா பாத்துட்டு வந்தா வேற பதில் கிடைக்கும், சாமுராய்கள ஒழிச்சது சாமுராய்களே தான்.

1. கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி: கதைய ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கங்க

இத விட்டுட்டு போகாதீங்க. உள்ள இங்கிலீஷ் விளக்கம் கம்மி, ஜப்பானிய மொழி தெரியாதவங்களுக்கு கதை தெரிஞ்சிருந்தா தான் பொருள் பேசும். சுருக்கமா சொல்றேன்.

1600களோட ஆரம்பத்துல இருந்து தோகுகவா குடும்பத்து ஷோகன்கள், அதாவது ராணுவத் தலைவர்கள், எடோவுல, அதாவது இன்னைக்கு டோக்கியோவுல, உக்காந்து நாட்ட ஆண்டாங்க. சக்கரவர்த்தி கியோட்டோல இருந்தார், மரியாதை உண்டு, அதிகாரம் கிடையாது. நாடு இருநூத்தி அம்பதுக்கு மேல சின்ன சின்ன ஆட்சிப் பகுதிகளா பிரிஞ்சிருந்துச்சு, அத ஹான்னு சொல்வாங்க, ஒவ்வொண்ணுக்கும் டைம்யோன்னு ஒரு தலைவர், அவர் கிட்ட அரிசிக் கணக்குல படி வாங்கற சாமுராய்கள். குடும்பத்தோட சேத்து எண்ணினா ஜனத்தொகைல சுமார் நூத்துக்கு ஆறு பேர் தான் சாமுராய். இடுப்புல ரெண்டு வாள் வச்சுக்கற உரிமை அவங்களுக்கு, மத்தவங்க உழைச்சு குடுக்கணும். இருநூத்தி அம்பது வருஷம் பெரிய சண்டையே இல்ல, அதனால பாதி சாமுராய்கள் கணக்கு எழுதற குமாஸ்தா வேலை தான் பாத்துட்டு இருந்தாங்க.

1853 ஜூலைல அமெரிக்க கடற்படை அதிகாரி பெர்ரி நாலு கப்பலோட உராகாவுக்கு வர்றார். அடுத்த வருஷம் மறுபடி வந்து ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கறார். 1858ல வியாபார ஒப்பந்தம், அதுக்கு சக்கரவர்த்தியோட அனுமதி இல்லாமலே ஷோகன் அரசாங்கம் ஒத்துக்குது, அங்க தான் தீ பத்துது. அனுமதி இல்லாம கையெழுத்து போட வச்ச ஷோகனோட பெரிய அதிகாரி ஈ நஓசுகேவ 1860 மார்ச்ல எடோ கோட்டையோட சகுரதா வாசல்ல, பனி கொட்டற காலைல, வெட்டிப் போட்டாங்க. அதுக்கப்பறம் எட்டு வருஷம் கியோட்டோ தெருவெல்லாம் ரத்தம். சோஷூ ஹான்காரங்களும் சட்சுமா ஹான்காரங்களும் தனித்தனியா வெளிநாட்டுக் கப்பல்கள் கிட்ட மோதி அடி வாங்கி, வாளால இவங்கள விரட்ட முடியாதுன்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்தர ஒருத்தர் வெறுத்த இந்த ரெண்டு ஹானும் 1866ல கைகோத்தாங்க, அதுக்கு நடுவுல நின்னு பேசி முடிச்சவர்னு பேர் வாங்கினவர் தோசா ஹான்ல இருந்து ஓடி வந்த சகமோட்டோ ரியோமா.

1867 நவம்பர்ல கடைசி ஷோகன் தோகுகவா யோஷினோபு ஆட்சிய சக்கரவர்த்தி கிட்ட திருப்பிக் குடுத்தார். ஒரே மாசத்துல ரியோமா கொலை. 1868 ஜனவரி கடைசில கியோட்டோவுக்கு தெக்க தோபா, ஃபுஷிமி பக்கம் சண்டை, ஷோகன் பக்கம் சுமார் 15,000 பேர், எதிர்ல சுமார் 5,000 பேர், ஜெயிச்சது அந்த 5,000. கடைசிச் சண்டை 1869 ஜூன்ல ஹொக்கைடோவுல ஹகோதாதேல முடிஞ்சுது.

இவ்வளவு தெரிஞ்சா போதும், மீதிய மியூசியமே சொல்லும்.

2. ஒரு துண்டுச் சீட்டு தயார் பண்ணுங்க

இத யாரும் சொல்லித் தரல, நானா பண்ணிக்கிட்டேன், இதனால தான் ரெண்டாவது தடவ எனக்கு அத்தனையும் புரிஞ்சுது. சீட்டுல ரெண்டு விஷயம் இருக்கணும், வருஷக் கணக்கும் குடும்பச் சின்னங்களும்.

முதல்ல வருஷம். பெட்டிக்குப் பக்கத்துல 1867ன்னு போடாம கெய்யோ 3ன்னு போட்டிருக்கறது சகஜம். ஜப்பான்ல ஆண்டுப் பேர அடிக்கடி மாத்துவாங்க, இந்தக் காலத்துல மட்டும் ஏழு பேர் வருது. கூட்டிக்க வேண்டிய எண்ண எழுதி வச்சுக்கங்க: காஎய்னா 1847, அன்செய்னா 1853, மான்என்னா 1859, புன்க்யூன்னா 1860, கென்ஜின்னா 1863, கெய்யோன்னா 1864, மெய்ஜின்னா 1867. கெய்யோ 3ன்னா 1864 கூட 3, ஆக 1867. இந்த ஏழு பேரோட ஜப்பானிய எழுத்து எப்படி இருக்கும்னு ஃபோன்ல படமா சேவ் பண்ணிக்கங்க, ரெண்டு ரெண்டு எழுத்து தான், பத்து நிமிஷம் உத்துப் பாத்தா அடையாளம் தெரிஞ்சுரும்.

இன்னொண்ணு, மாசமும் தேதியும் பழைய சந்திரக் கணக்கு. 1873 ஜனவரி 1ல தான் ஜப்பான் நம்ம இங்கிலீஷ் காலண்டருக்கு மாறிச்சு. ரியோமா செத்தது ஒரு பலகைல பதினோராம் மாசம் 15ன்னு இருக்கும், வேற புத்தகத்துல டிசம்பர் 10ன்னு இருக்கும், ரெண்டும் ஒரே நாள் தான், குழம்பிக்காதீங்க.

அடுத்தது குடும்பச் சின்னம், ஜப்பான்ல அத கமோன்னு சொல்வாங்க. கவசம், கொடி, சட்டை, பெட்டி எல்லாத்துலயும் அது இருக்கும், மொழியே தெரியாட்டியும் எந்தப் பொருள் எந்தக் கட்சியோடதுன்னு அத வச்சே சொல்லிரலாம். வட்டத்துக்குள்ள மூணு இலை, நுனியெல்லாம் நடுவுல சேர்ற மாதிரி இருந்தா அது தோகுகவா. ஐசு ஹான் ஆளுங்களும் தோகுகவா சொந்தம் தான், அவங்களுதும் அதே இலைச் சின்னத்தோட ஒரு சாயல். வட்டத்துக்குள்ள ஒரு கூட்டல் குறின்னா சட்சுமாவோட ஷிமாசு குடும்பம். மேல ஒரு படுக்கைக் கோடு, கீழ மூணு உருண்டைன்னா சோஷூவோட மோரி குடும்பம். மூணு ஓக் இலை மூணு பக்கமா விரிஞ்சிருந்தா தோசாவோட யமனோஉச்சி குடும்பம். இந்தச் சின்னத்த எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு தோணும், மிட்சுபிஷி லோகோ இதுல இருந்தும் அத ஆரம்பிச்ச இவசாகி குடும்பத்து சின்னத்துல இருந்தும் வந்தது தான், அந்த இவசாகி யதாரோவும் தோசாக்காரர். பதினாறு இதழ் சாமந்திப்பூன்னா சக்கரவர்த்தி.

இப்ப அந்தச் சின்னங்கள வச்சு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1864 ஆகஸ்ட்ல கியோட்டோ அரண்மனை ஹமகுரி வாசல்ல சண்டை: கூட்டல் குறியும் மூணு இலையும் ஒரு பக்கம், மூணு உருண்டை எதிர்ப்பக்கம். 1868ல தோபா ஃபுஷிமில: கூட்டல் குறியும் மூணு உருண்டையும் ஒரு பக்கம், மூணு இலை எதிர்ப்பக்கம். நாலே வருஷத்துல கூட்டணி அப்படியே புரண்டு போச்சு. இதுல நல்லவன் கெட்டவன்னு பிரிச்சுப் பாக்க முயற்சி பண்ணீங்கன்னா ஏமாந்து போவீங்க.

3. எப்ப, எப்படி போறது

திங்கக்கிழமை லீவு, திங்கள் பொது விடுமுறையா இருந்தா மறுநாள் மூடுவாங்க. கண்காட்சி மாத்தறதுக்காகவும் நடுநடுல சில நாள் மூடுவாங்க, அதனால நேரம், டிக்கெட் விலை ரெண்டையும் அவங்க வெப்சைட்ல அன்னைக்கே பாத்துட்டு கிளம்புங்க. கியோட்டோ ஸ்டேஷன்ல இருந்து 206ம் நம்பர் சிட்டி பஸ், ஹிகஷியாமா யசூய் ஸ்டாப்ல இறங்கி மலைப்பக்கமா நடை. பஸ்ல பின் கதவுல ஏறணும், இறங்கும்போது முன் கதவுல காசு குடுக்கணும், இக்கோக்கா மாதிரி கார்டு இருந்தா தட்டிட்டு இறங்கிரலாம். சகுரா பூக்கற ஏப்ரல் ஆரம்பத்துலயும், இலை செவக்கற நவம்பர் கடைசிலயும் இந்த ரூட் பஸ்ல நிக்கவே இடம் இருக்காது, அப்ப கெய்ஹான் லைன்ல கியோன் ஷிஜோ ஸ்டேஷன்ல இறங்கி இருபது நிமிஷம் நடந்து போறது எவ்வளவோ மேல்.

காலைல போங்க. மியூசியம், மேல கல்லறை, அப்பறம் நான் கடைசில சொல்ற குரோதானி, மூணையும் ஒரே நாள்ல முடிக்கணும்னா அது தான் வழி. வயசானவங்கள கூட்டிட்டுப் போனா டாக்ஸி வச்சுக்கங்க, அந்த ஏத்தம் சின்னது தான் ஆனா செங்குத்தா இருக்கு, கல்லறைக்கு அதுக்கு மேலயும் படி இருக்கு.

4. உள்ள நுழைஞ்சதும்

ஐயாயிரத்துக்கு மேல பொருள் சேத்து வச்சிருக்காங்க, ஒரு நேரத்துல வெளிய வைக்கறது நூறு சொச்சம் தான், மாத்தி மாத்தி வைப்பாங்க. அதனால யாரோ போட்ட ஃபோட்டோவ பாத்துட்டு இது கண்டிப்பா இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. ஏதாவது ஒரு பொருளுக்காகவே போறீங்கன்னா அது இப்ப வெளிய இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

படம் எடுக்கலாமான்னு கேக்காம ஃபோன தூக்காதீங்க, ட்ரான்ஸ்லேட் ஆப் கேமராவுக்கும் சேத்து தான் சொல்றேன். "ஷஷின், தோத்தெமோ ஈ தெசு கா"ன்னு கேட்டா போதும், கையாலயே ஆமா இல்லன்னு காட்டிருவாங்க. எடுக்கக் கூடாதுன்னா அந்தப் பலகைல இருக்கற ஆண்டுப் பேரையும் சின்னத்தையும் உங்க சீட்டோட ஒத்துப் பாருங்க, அதுக்குத்தான் சீட்டு.

5. எத எவ்வளவு நேரம் பாக்கறது

எல்லாரும் நேரா வாள் இருக்கற பெட்டிக்குத்தான் போவாங்க. நீங்க முதல்ல காகிதத்து கிட்ட போங்க.

லெட்டர் படிக்கத் தெரியாதேன்னு கவலை வேணாம், அந்த வளைஞ்சு நெளிஞ்ச எழுத்து இன்னைக்கு ஜப்பான்காரங்கள்லயே பல பேருக்குப் படிக்க வராது. கையெழுத்த பாருங்க, நீளத்த பாருங்க. சாமுராய்னதும் நமக்கு வாள் வீசறவன் தான் ஞாபகம் வருது, ஆனா இந்த ஆளுங்க ராப்பகலா எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க, கடன் கேட்டு, ஆள் சேத்து, திட்டம் போட்டு, அக்காவுக்கு நலம் விசாரிச்சு. ரியோமா 1863ல அக்கா ஓதோமேவுக்கு எழுதின லெட்டர்ல ஜப்பான இன்னொரு தடவ துவைச்சு எடுக்கணும்னு எழுதியிருக்கார். நாடு ஒரு அழுக்குத் துணி, அத அடிச்சுத் துவைக்கணும்னு 27 வயசு பையன் அக்கா கிட்ட சொல்றான், எனக்கு அது எந்த வீரவசனத்தையும் விட பெருசாத் தெரியுது. அந்த லெட்டர் இங்க இல்ல, கியோட்டோ தேசிய மியூசியத்துல இருக்கு, ஆனா அந்த வரிய மனசுல வச்சுக்கிட்டு இங்க இருக்கற லெட்டர்கள பாருங்க.

அடுத்து துப்பாக்கி. இதுல நின்னு நேரம் எடுத்துக்கங்க. ஜப்பானுக்கு துப்பாக்கி 1543லயே போர்ச்சுகீஸ்காரங்க மூலமா வந்துருச்சு, திரி பத்த வச்சு சுடற வகை. முன்னூறு வருஷம் கழிச்சும் பெருசா மாறல. அப்ப தான் மினியே துப்பாக்கி வருது, குழாய்க்குள்ள மரை போட்டிருக்கும், குண்டு சுழண்டுக்கிட்டே போகும், பழசோட ஒப்பிட்டா பல மடங்கு தூரம் குறி தப்பாது. 1865ல ரியோமாவோட ஆளுங்க நாகசாகில வியாபாரி க்ளோவர் கிட்ட இருந்து சட்சுமா பேர்ல வாங்கி சோஷூவுக்கு கை மாத்தி விட்டது 4,300 மினியே துப்பாக்கி, 3,000 பழைய வகை கெவேர் துப்பாக்கி. சோஷூ பேர்ல வாங்க முடியாது, ஷோகன் தடை போட்டிருந்தார், அதான் எதிரி பேர்ல வாங்கினாங்க. வெறுத்துக்கிட்டு இருந்த ரெண்டு பேர் கை சேந்ததுக்கு இந்தத் துப்பாக்கி பேரம் தான் அடித்தளம்.

அந்தத் துப்பாக்கிய பிடிச்சவன் யாருங்கறது அத விட முக்கியம். சோஷூல தகசுகி ஷின்சாகு 1863ல கிஹெய்தாய்னு ஒரு படை ஆரம்பிச்சார், அதுல சாமுராய் மட்டும் இல்லாம விவசாயி வீட்டுப் பசங்களையும் சேத்தார். வாள் பழகறதுக்கு பத்து வருஷம் வேணும், மினியே துப்பாக்கிக்கு சில மாசம் போதும். ஒரு விவசாயி மகனால ஒரு சாமுராய தூரத்துல இருந்தே சாய்க்க முடியும்னா, சாமுராய்ங்கற தனிச் சாதிக்கு என்ன காரணம் மிச்சம் இருக்கு? அந்தப் படைய கட்டினவரும் ஒரு சாமுராய் தான்ங்கறத மறந்துராதீங்க.

இப்ப ஷின்சென்குமி பக்கம் வாங்க. வெளிர் நீலச் சட்டை, கை ஓரத்துல வெள்ளை மலை மலையா டிசைன், கொடில மகோதோன்னு ஒத்த எழுத்து, உண்மை, விசுவாசம்னு அர்த்தம். 1863ல கியோட்டோல ஷோகன் பக்கம் காவல் காக்க உருவான கூட்டம், 1864 ஜூலைல இகேதாயா சத்திரத்துல ராத்திரி பூந்து எதிராளிங்கள வெட்டினதுல தான் இவங்க பேர் ஊரெல்லாம் பரவிச்சு. அந்தச் சத்திரத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சின்ன மாடல் வச்சுக் காட்டுவாங்க, அறைங்க எவ்வளவு குறுகல்னு கவனிங்க, நீள வாள சுழட்ட இடமே இல்ல.

இவங்க தலைவர் கோண்டோ இசாமியும் துணைத் தலைவர் ஹிஜிகாட்டா தோஷிசோவும் சாமுராய் குடும்பத்துல பொறந்தவங்க இல்ல. எடோவுக்கு மேக்க தாமா பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பசங்க. சாமுராய் ஆகணும்ங்கற ஆசைலயே வாழ்ந்து, 1867 நடுவுல தான் ஷோகனோட நேரடி சாமுராய்னு அவங்களுக்கு அந்தஸ்து கிடைச்சுது. சில மாசத்துல ஷோகனே இல்ல. கோண்டோவ 1868 மே மாசம் தலைய வெட்டினாங்க, தன் வயித்த தானே கிழிச்சுக்கிட்டு சாகற செப்புகுங்கற சாமுராய் முறைக்குக் கூட அனுமதி கிடைக்கல. ஹிஜிகாட்டா 1869 ஜூன்ல ஹகோதாதேல குண்டடி பட்டு செத்தார். முடிய வெட்டி, மேற்கத்தி உடுப்பு போட்டு அவர் எடுத்துக்கிட்ட ஃபோட்டோ எங்க பாத்தாலும் ஒரு நிமிஷம் நில்லுங்க. அவரோட வாள் ஒண்ணும் இந்த மியூசியத்துல இருக்கு, யமாதோ நோ காமி ஹிதேகுனிங்கறவர் அடிச்சது, வெளிய வச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம்.

அதாவது சாமுராய் காலத்த காப்பாத்த கடைசி வரைக்கும் நின்னது விவசாயி வீட்டுப் பிள்ளைங்க. அத முடிச்சு வச்ச சட்சுமாவோட சைகோ, ஓகுபோ, சோஷூவோட கிதோ மூணு பேரும் சாமுராய்கள்.

6. அந்தச் சின்ன வாள்

இந்த மியூசியத்துக்கு பேர் வாங்கிக் குடுத்த பொருள் இது தான். ரியோமாவ வெட்டினதா சொல்லப்படற வாள். பாத்ததும் இவ்வளவு தானான்னு இருக்கும், சுமார் 42 சென்டிமீட்டர், சாமுராய்கள் ரெண்டாவதா செருகிக்கற குட்டை வாள்.

சம்பவம் இது தான். 1867 டிசம்பர் 10 ராத்திரி, கவராமாச்சி தெருவுல ஓமியான்னு ஒரு சோயா சாஸ் வியாபாரியோட வீடு, மாடில ரியோமாவும் அவர் கூட்டாளி நகஓகா ஷின்டாரோவும் பேசிட்டு இருக்காங்க. சிலர் வந்து ஆள் பாக்கணும்னு சொல்றாங்க, எடுபிடியா இருந்த தோகிச்சிங்கற முன்னாள் சுமோ பயில்வான முதல்ல வெட்டறாங்க, அப்பறம் மாடில. ரியோமா அங்கயே போயிட்டார், நகஓகா ரெண்டு நாள் உயிரோட இருந்தார். ரியோமாவுக்கு வயசு 31, பழைய காலண்டர் படி அன்னைக்கு அவர் பொறந்த நாள்.

முதல்ல ஷின்சென்குமி மேல தான் சந்தேகம் விழுந்துச்சு. 1870ல இமாய் நொபுஓங்கறவர் குடுத்த வாக்குமூலத்துக்கு அப்பறம் தான் மிமவாரிகுமின்னு ஷோகனோட இன்னொரு காவல் படை பேர் வெளிய வந்துச்சு. அந்தப் படைல இருந்த கட்சுரா ஹயனோசுகேங்கறவர் குட்டை வாள்ல தேர்ந்தவர், அவரோட வாள் தான் இது. ஏன் குட்டை வாள்னா வீட்டு மாடில கூரை தாழ்வு, நீள வாள தலைக்கு மேல ஓங்கினா மரத்துல மாட்டிக்கும். ரியோமாவோட வாளும் அன்னைக்கு அந்த ரூம்ல விரிஞ்ச தட்டியும் சுவத்துல மாட்டியிருந்த ரத்தம் தெறிச்ச ஓவியமும் கியோட்டோ தேசிய மியூசியத்துல பாதுகாக்கறாங்க.

இந்தப் பெட்டி முன்னாடி கூட்டம் இருக்கும், காத்திருந்து தனியா நின்னு பாருங்க. துப்பாக்கியும் நீராவிக் கப்பலும் வாங்கி வித்துட்டு இருந்த ஆள், சண்ட இல்லாம ஆட்சி மாறணும்னு ஓடி ஓடி பேசின ஆள், முழங்கை நீள இரும்புல முடிஞ்சு போனார்.

7. கடைசிப் பகுதிய அவசரமா தாண்டாதீங்க

கால் வலிக்க ஆரம்பிச்சிருக்கும், ஷோகன் ஆட்சி போனதுக்கு அப்பறம் வந்த மெய்ஜி காலத்து காகிதம், ஃபோட்டோ எல்லாம் பாக்க சப்புன்னு இருக்கும். ஆனா நாம கொண்டு வந்த கேள்விக்கு பதில் இங்க தான்.

1871ல ஹான்களையே கலைச்சு மாவட்டமா மாத்திட்டாங்க, டைம்யோக்கள் ஒரே உத்தரவுல பதவி இழந்தாங்க. அதே வருஷம் குடுமி வச்சுக்கணும்ங்கற கட்டாயம் போச்சு. 1873ல எல்லா ஆம்பளைக்கும் கட்டாய ராணுவ சேவை, சண்டை போடறது இனி ஒரு சாதியோட உரிமை இல்ல. 1876 மார்ச்ல பொது இடத்துல வாள் தரிக்க தடை. அதே வருஷம் ஆகஸ்ட்ல தான் பெரிய அடி, தலைமுறை தலைமுறையா வந்த படிய நிறுத்திட்டு அதுக்கு பதில் அரசாங்கப் பத்திரம் குடுத்தாங்க, பெரும்பாலும் 5 முதல் 7 சதவீதம் வட்டி. கீழ்த்தட்டு சாமுராய்க்கு அந்த வட்டில குடும்பம் நடத்த முடியாது, பத்திரத்த வித்து கடை போட்டு நஷ்டப்பட்டவங்க ஏராளம். வாள் தடை தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, என்னக் கேட்டா சாமுராய முடிச்சது அந்தப் பத்திரம் தான்.

1877ல சைகோ தகமோரி, இந்தப் புது அரசாங்கத்த கட்டினவர்ல ஒருத்தர், கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருந்தவர், சட்சுமா சாமுராய்களோட கிளம்பினார். எதிர்ல வந்தது கட்டாய சேவைல சேத்த விவசாயி பசங்களும் இருந்த ராணுவம். செப்டம்பர் 24ல ககோஷிமா ஷிரோயாமா குன்றுல, கடைசியா மிச்சம் இருந்த சில நூறு பேரோட முடிஞ்சுது. ராணுவத்த அனுப்பின அரசாங்கத்துல முன்ன நின்ன ஓகுபோ, சைகோவோட சின்ன வயசு சினேகிதர், ஒரே ஊர்ல ஆத்தங்கரைத் தெருவுல ஒண்ணா வளந்தவர். அடுத்த வருஷம் மே மாசம் ஓகுபோவையும் சாமுராய்கள் வெட்டினாங்க.

8. வெளிய வந்து மேல ஏறுங்க

மியூசியத்துக்கு எதிர்த்தாப்ல ரியோசென் கொகோகு கோயில், 1868ல மெய்ஜி சக்கரவர்த்தி உத்தரவுல ஆரம்பிச்சது. அதுக்குப் பின்னால மலைச் சரிவு முழுக்க கல்லறை. நான் போனப்ப 300 யென் காசு போட்டு சுத்தற கேட் வழியா போகணும், சில்லறை வச்சுக்கங்க.

கொஞ்சம் ஏறினா ரியோமா, நகஓகா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டு பேர் சிலையும் ஊரப் பாத்துக்கிட்டு நிக்குது. வருஷா வருஷம் நவம்பர் 15 இங்க விழா. இன்னும் மேல போனா கிதோ தகயோஷியும் அவர் மனைவி மட்சுகோவும். பெரிய பேர் உள்ளவங்கள பாத்துட்டு இறங்கிறாதீங்க, அந்தச் சின்னச் சின்ன கல்லு வரிசைகளுக்கு நடுவுல நடங்க, அதுல பாதிப் பேருக்கு இருபது சொச்சம் வயசு தான். பூ வைக்கலாம், கும்பிடலாம், சத்தமா பேசறதும் கல்லு மேல சாஞ்சு செல்ஃபி எடுக்கறதும் வேணாம்.

கோயில் வளாகத்துல ஒரு நினைவுக் கல் நம்மள நிறுத்தும், 1997ல வச்சது, ராதாபினோத் பால் ஞாபகார்த்தமா. ரெண்டாம் உலகப் போருக்கு அப்பறம் டோக்கியோ போர்க்குற்ற விசாரணைல குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் குற்றவாளி இல்லன்னு தனியா தீர்ப்பு எழுதின இந்திய நீதிபதி. அந்தத் தீர்ப்பப் பத்தி இன்னைக்கும் ஒரே கருத்து கிடையாது. ஷோகன் ஆட்சியோட கடைசிக் காலத்த பாக்க வந்த இடத்துல இது ஏன் இருக்குன்னா, இந்தக் கோயில் அப்பறமா நடந்த போர்கள்ல செத்தவங்களுக்கும் சேத்துத்தான்.

பசி எடுத்தா கீழ நினென்சாக்கா, யசாகா பக்கம் தோஃபு கடைங்க இருக்கு. சைவம் சாப்பிடறவங்க "தாஷி" இருக்கான்னு கேளுங்க, பாக்க வெறும் தோஃபுவா இருந்தாலும் குழம்புல மீன் சாறு இருக்கும்.

9. தோத்தவங்களையும் பாத்துட்டுத்தான் கியோட்டோவ விட்டு கிளம்பணும்

இன்னொரு நாள் இருந்தா நிஜோ கோட்டைக்குப் போய் யோஷினோபு ஆட்சிய விடறேன்னு அறிவிச்ச அந்தப் பெரிய ஹால பாருங்க, அரண்மனை ஹமகுரி வாசல்ல மரத்தூண்கள்ல இருக்கற குண்டுக் குழிகள விரலால தொடாம கண்ணால எண்ணுங்க. நேரமே இல்லன்னா ரெண்டையும் விட்டுருங்க, ஆனா குரோதானிய விடாதீங்க.

ஏன்னா ரியோசென் மலைல படுத்திருக்கறது ஜெயிச்ச பக்கத்து ஆளுங்க. அவங்களுக்கு சக்கரவர்த்தி கோயில் கட்டினார். கியோட்டோவுக்கு காவலா ஐசுல இருந்து வந்து, அதே சக்கரவர்த்தியோட தகப்பனார் கொமெய் கிட்ட பாராட்டுக் கடுதாசி வாங்கி, கடைசில துரோகின்னு பேர் வாங்கி செத்தவங்களுக்கு அங்க இடம் இல்ல. அவங்க கியோட்டோல தங்கியிருந்த கோயில் தான் கொன்காய் கோம்யோஜி, ஊர்க்காரங்க குரோதானின்னு சொல்வாங்க, ஒகசாகி மிச்சி பஸ் ஸ்டாப்ல இருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பெரிய மர வாசல தாண்டி, கல்லறைப் படி ஏறி, மேல மூணு அடுக்கு கோபுரத்துக்கு வடக்கால போனா ஐசு ஆளுங்க கல்லறை, 350க்கும் மேல பேர். தோபா ஃபுஷிமில செத்த ஐசு வீரங்க உடம்ப எடுக்க யாரும் துணியாம கெடந்தப்ப, ஐசு நோ கொதேட்சுன்னு ஒரு ஊர் ரவுடி ஆளுங்கள கூட்டிட்டுப் போய் எடுத்து அடக்கம் பண்ணினதா சொல்வாங்க.

நான் போனப்ப அங்க ஒரு ஆள் இல்ல. கீழ கியோட்டோ முழுசா தெரியுது, ரியோசென் மலை தெக்குப் பக்கம். யாரோ ஒவ்வொரு கல்லுக்கும் முன்னாடி பச்சை இலைக் கொத்து மாத்தி வச்சிருந்தாங்க, தண்ணி இன்னும் காயல. நீங்க போறப்ப கீழ கடைல ஒரு ஊதுபத்திக் கட்டு வாங்கிட்டு ஏறுங்க.